புத்தூருக்கு வராத கடிதம்

எனது அத்தான் புத்தூரில் வசிக்கின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சைக்கிளிலும் பின்னர் மோட்டார்ச் சைக்கிளிலும் கழித்த அவருக்கு, அறுபத்தெட்டாவது வயதில் ஒரு 'ஜீப்' வாய்த்தது. அக்காவை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தமையால், சிட்னியில் உள்ள மூத்த மகன் பணம் அனுப்பினான். யப்பானில் பாவிக்கப்பட்டு, கப்பலில் இந்நாட்டுக்கு வந்து, இங்கும் மூன்று கை மாறிய வண்டி அது. 'கொம்பாக்ட் எஸ்.யூ.வி.' என்று விளம்பரங்களில் போடுவார்கள். காரை விட உயரம், பெரிய ஜீப்பை விடச் சிறிது. எங்கள் ஊரிலோ உயரமாக நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் ஜீப் என்றே பெயர்.

வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை எல்லாம் முறைப்படி செய்யப்பட்டன. ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினைக் கேட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், ரயர்களைத் தட்டினார், எங்கேனும் அடிபட்டுப் பூச்சுப் பூசியிருக்கிறார்களா என்று விரலால் தடவினார். ஓடிய கிலோமீற்றர் கணக்கு நம்பத்தக்கதா என்று விவாதிக்கப்பட்டது. லீசிங் பாக்கி ஏதும் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது. பின்னர் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் நசித்து வண்டி வீடு வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்திரிகையில் இத்தனை ஆண்டுகள் செய்தி எழுதியவன் என்ற வகையில் அதனை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கின்றது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஓர் இரவு மருமகன் சிட்னியிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, அப்பாவின்ர ஜீப்பின்ர செசி நம்பரை ஒருக்காப் பாத்து அனுப்புவியளே? அவருக்குச் சொல்லாதேங்கோ, பயந்து போவார்."

அவனுடைய சொந்தக் காருக்கு இரண்டு கடிதங்களும் ஒரு குறுஞ்செய்தியும் வந்திருந்தனவாம். குறைபாடுள்ள ஒரு பாகத்தை இலவசமாக மாற்றித் தருகின்றோம், வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று தயாரிப்பாளர் அழைத்திருக்கின்றார். போனான், ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது. திரும்பி வரும் வழியில்தான் தகப்பனின் வண்டிக்கும் இப்படி ஏதாவது இருக்குமோ என்ற எண்ணம் அவனுக்கு வந்திருக்கின்றது.

செசி இலக்கத்தை அனுப்பினேன். யப்பானியத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அதனைப் பதிந்து, வந்த யப்பானிய வாசகங்களைக் கணினியாலேயே மொழிபெயர்த்துப் பார்த்தான். அந்த வண்டிக்கு இரண்டு முறை மீளழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. ஒன்று 'செய்யப்பட்டது'. மற்றையது 'செய்யப்படவில்லை'. செய்யப்படாதது பிரேக் தொடர்பானது. இரண்டு ஆண்டுகளாக அக்கா அந்த வண்டியின் முன் ஆசனத்தில்தான் வைத்தியசாலைக்குப் போய் வந்தார்.

*

மீளழைப்பு என்பது எமது மக்களுக்கு அதிகம் பழக்கமில்லாத சொல். ஒரு வண்டியை விற்ற பின்னர் அதில் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய குறைபாடு இருப்பதைத் தயாரிப்பாளரோ அரசோ கண்டறிந்தால், அந்த வகை வண்டிகள் அனைத்தையும் திரும்ப அழைத்து, பணம் வாங்காமல் திருத்திக் கொடுப்பதே அது. மீளழைக்கப்பட்ட வண்டி கெட்ட வண்டி என்று பொருளல்ல. அழைக்கப்பட்டுத் திருத்தப்பட்ட வண்டியை நம்பி ஏறலாம். அழைக்கப்பட்டும் போகாத வண்டிதான் ஆபத்தானது.

இதனைச் சொல்லும்போது பழைய யாழ்ப்பாணத்துக் கார்கள் நினைவுக்கு வருகின்றன. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் தலைமுறைகளைத் தாண்டி எமது வீதிகளில் ஓடியவை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைத் துளித்துளியாக விட்டோம். புகை கக்கிக்கொண்டு அவை ஓடின. அந்த வண்டிகளின் குறைபாடு கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், மூக்குக்கு மணக்கும். கோப்பாயிலோ நெல்லியடியிலோ ஒரு கராஜில் விட்டால் மாலைக்குள் ஏதோ ஒரு வழி பிறக்கும்.

இன்றைய வண்டியின் குறைபாடு அப்படிப்பட்டதன்று. அது மென்பொருளின் ஒரு வரியில் இருக்கலாம். மூடி முத்திரையிட்ட உலோகக் கலத்தினுள் இருக்கலாம். எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காலும் அதனைத் தட்டிப் பார்த்துக் கண்டறிய முடியாது. தயாரித்தவர் சொன்னால்தான் தெரியும். அவர் சொல்வது கடிதத்தில். கடிதம் போவது முகவரிக்கு. வண்டி கடல் கடந்துவிட்டால் முகவரி அங்கேயே நின்றுவிடுகின்றது.

*

எமது நாட்டு வீதிகளில் மிக அதிகமாகக் காணப்படும் சிறிய எஸ்.யூ.வி.களில் ஒன்றான ஹொண்டா வெசலையே எடுத்துக்கொள்வோம். 2013 டிசெம்பரில் அது யப்பானில் அறிமுகமாகியது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபிட் ஹைபிரிட் கார் வெளிவந்திருந்தது. 2014 பெப்ரவரியில், இரட்டைக் கிளச் கியர்ப் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் குறைபாட்டுக்காக இவ்விரு வகையிலும் 81,000 வண்டிகள் வரை யப்பானில் மீளழைக்கப்பட்டன. அதே ஆண்டு யூலையில், வண்டி எதிர்பாராமல் வேகமெடுக்கக்கூடும் என்ற காரணத்துக்காக சுமார் 175,000 வண்டிகள். ஒக்ரோபரில் வேறொரு குறைபாட்டுக்காக 425,000க்கு மேற்பட்ட வண்டிகள். ஃபிட் ஹைபிரிட்டுக்கு அது ஐந்தாவது மீளழைப்பு. நிறுவனத்தின் தலைவரே மூன்று மாதங்களுக்குத் தமது சம்பளத்தில் 20 வீதத்தைக் குறைத்துக்கொண்டார்.

இதனை அந்த நிறுவனத்தைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. குறைபாடு கண்டபோது வெளியே சொன்னார்கள், அழைத்தார்கள், தலைவர் பொறுப்பேற்றார். எனது கேள்வி வேறு. அந்த ஆண்டுகளில் யப்பானில் பதியப்பட்ட வெசல்கள் ஏராளமாகக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. அவற்றில் மீளழைப்பு வேலை முடிந்த பின்னர் கப்பலேறியவை எவை, முடியாமலே ஏறியவை எவை? வண்டிகளைக் கொண்டு வந்தவர்கள் தயாரிப்பாளரின் முகவர்கள் அல்லர், தனிப்பட்ட இறக்குமதியாளர்கள். பதிவுப் புத்தகத்தில் எஞ்சினின் வலு உண்டு, நிறம் உண்டு, முன்னைய உரிமையாளர்களின் எண்ணிக்கை உண்டு. மீளழைப்புக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

*

வெசல் விவகாரத்தை விடப் பாரதூரமானது தகாட்டா காற்றுப்பை விவகாரம். உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட காற்றுப்பைகள் மீளழைக்கப்பட்ட, மோட்டார் வண்டி வரலாற்றின் மிகப் பெரிய மீளழைப்பு அது.

விபத்து நேர்ந்தவுடன் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்தில் ஊத வேண்டும். அதற்காக ஓர் உலோகக் கலத்தினுள் வெடிமருந்து வைக்கப்பட்டிருக்கும். யப்பானிய நிறுவனமான தகாட்டா அதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. மலிவான பொருள். ஆனால் ஈரப்பதனும் மாறி மாறி வரும் வெப்பமும் பல ஆண்டுகள் பட்டால் அது சிதைந்து, பின்னர் எரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகின்றது. பை விரிவதோடு நில்லாமல் கலமே வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பறக்கின்றன. 2014இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் இவ்வாறு இறந்த பெண்ணின் கழுத்துக் காயங்களைக் கண்ட பொலிஸார், அவரை யாரோ கத்தியால் குத்தியிருக்கின்றார்கள் என்றே முதலில் சந்தேகித்தனர்.

யாழ்ப்பாணத்தவருக்குச் சன்னம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. செல் சன்னத்தை உடம்பில் சுமந்து திரிபவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கின்றார்கள். அதே சன்னத்தைக் காரின் ஸ்ரியறிங் சில்லின் நடுவே வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 28 பேர் இறந்திருக்கின்றார்கள் என்று அந்நாட்டு அதிகாரிகள் உறுதிப்படுத்தியுள்ளனர். மலேசியாவின் சரவாக்கில் 2014 யூலையில் ஒரு கர்ப்பிணி இறந்தார். 2017 யூலையில் சிட்னியின் கப்ரமாட்டா பகுதியில் ஹொண்டா சீ.ஆர்.வி. ஒன்றை ஓட்டிச் சென்றவர் இறந்தார். சீ.ஆர்.வி.யும் எமது மொழியில் ஒரு ஜீப்தான். அந்த வண்டி ஏற்கெனவே மீளழைக்கப்பட்டிருந்தது, பாகம் மாற்றப்படவில்லை. அண்மைக்கு வந்தால், 2025 யூனில் பிரான்சின் றெய்ம்ஸ் நகரில் சிற்றோன் சி3 காரில் சென்ற பெண் இறந்தார். அதன் பின்னர், அந்த வகைக் கார்களை உடனே நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களுக்கு உத்தரவு போனது. தகாட்டா நிறுவனம் 2017இலேயே வங்குரோத்தாகிவிட்டது. அது செய்த கலங்கள் இன்னும் வீதிகளில் ஓடுகின்றன.

வெப்பமும் ஈரப்பதனும் வயதும் ஒன்றுசேரும் இடமே ஆபத்தான இடம் என்று ஆய்வாளர்கள் சொல்கின்றார்கள். சித்திரை வெயிலும் கார்த்திகை மழையும் உள்ள எமது குடாநாட்டுக்கு இது பொருந்துமா என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. வண்டிகளின் வயதும் எங்கும் போய்விடவில்லை. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. புதிய வண்டி வரவில்லை, பழையதன் விலை ஏறியது, பத்து வயதைத் தாண்டிய வண்டிகள் தங்கத்தைப் போலக் கைமாறின. விலை ஏறியதே ஒழிய, உள்ளே இருந்த பாகங்களின் வயது குறையவில்லை.

*

இது ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டுமன்று. அமெரிக்காவில் 2004இல் ரேச்சல், ஜாக்குலின் ஹூக் என்ற இளம் சகோதரிகள் இருவர் வாடகைக்கு எடுத்த காரில் இறந்தனர். அந்தக் கார் மீளழைக்கப்பட்டும் திருத்தப்படாமலே வாடகைக்கு விடப்பட்டிருந்தது. தாயார் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, திருத்தாத வண்டியை வாடகைக்கு விடலாகாது என்று 2015இல் அவர்களின் பெயராலேயே சட்டம் வந்தது. ஆயினும் பாவித்த கார் விற்பனையாளர்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை.

செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. அவுஸ்திரேலிய அரசு 2018இல் தகாட்டா மீளழைப்பைக் கட்டாயமாக்கி, சுமார் முப்பது இலட்சம் வண்டிகளுக்கு 2020 இறுதிவரை காலக்கெடு விதித்தது. யப்பான் 2018 மே முதல், ஆபத்தான காற்றுப்பை மாற்றப்படாத வண்டிகளுக்கு வாகனப் பரிசோதனைச் சான்றிதழ் வழங்க மறுத்தது. எமக்கு மிகவும் பொருத்தமான உதாரணம் நியூசிலாந்து. அதுவும் ஒரு தீவு நாடு, அங்கும் வண்டி இடப்பக்கமே ஓடுகின்றது, அங்கும் யப்பானில் பாவித்த கார்களே மலிந்து கிடக்கின்றன. 2018இல் அந்த அரசு, மிக ஆபத்தான வகைக் காற்றுப்பைகள் உள்ள ஏறத்தாழ 50,000 வண்டிகளைக் கட்டாயமாக மீளழைத்ததுடன், பாகம் மாற்றப்படாத அத்தகைய வண்டிகளின் இறக்குமதியையும் தடை செய்தது.

எமது நாட்டில் தனியார் கார் ஒன்றின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் போதுமானவை. வண்டி விடும் புகை அளவோடு இருக்கின்றதா என்று ஆண்டுதோறும் கேட்கும் அரசு, அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்று கேட்பதில்லை.

*

நிற்க. அத்தானின் ஜீப்புக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள்.

விற்றவரிடம் போனோம். "அது யப்பானில செய்யவேண்டிய வேலை, மாஸ்டர். வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார். இறக்குமதி செய்த நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. முகவர் நிலையத்தில், இது நாங்கள் கொண்டு வந்த வண்டி அல்லவே என்றார்கள். பின்னர், விபரங்களை எழுதித் தாருங்கள், கேட்டுப் பார்க்கின்றோம் என்றார்கள். மருமகன் யப்பானியத் தலைமையகத்துக்கு எழுதினான். நான் முகவர் நிலையத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஏழு மாதங்களின் பின்னர் கொழும்புக்கு அழைத்தார்கள். வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு சதமும் வாங்கவில்லை.

அந்த ஏழு மாதங்களும் ஜீப் மாமரத்தின் கீழ் நின்றது. அக்கா புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறி வைத்தியசாலைக்குப் போனார். "இரண்டு வருசமா ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று அத்தான் ஒரு நாள் கேட்டார். நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வல்லை வெளியின் நீண்ட நேர் வீதியில் அந்தப் பிரேக்கை நம்பி அவர்கள் எத்தனை தடவை போயிருப்பார்கள் என்று எண்ணியபோது, அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்று கடிதம் எழுதத் தெரிந்த ஒருவனும், சிட்னியில் ஒரு மகனும் இருந்தபடியால் அந்த வேலை நடந்தது. லீசிங் எடுத்து வாங்கிய வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் இளைஞனுக்கு இவை எதுவும் இல்லை. அவனுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

கேட்க வேண்டியவை சிலவே. பாவித்த வண்டி இறக்குமதியாகும்போது ஏற்கெனவே பரிசோதனைச் சான்றிதழ் ஒன்று கோரப்படுகின்றது. அதனுடன் மீளழைப்பு நிலை பற்றிய ஒரு தாளையும் கோரலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாறும்போது அதே கேள்வியை மீண்டும் கேட்கலாம். வண்டி எந்த வழியாக வந்திருந்தாலும், பாதுகாப்பு மீளழைப்பு வேலையை அந்த நாமத்தின் முகவர் செய்து கொடுக்க வேண்டும் என்று விதிக்கலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையும் இதற்குத் தலைமை தாங்கலாம். பக்கத்து நாடான இந்தியா 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, மீளழைப்புக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முறைப்பாடு செய்யும் பழக்கமும் எமக்கு வேண்டும். யப்பானில் மிற்சுபிசி மோட்டார்ஸ் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை அரசிடமிருந்து ஒளித்து வைத்திருந்தது 2000ஆம் ஆண்டில் அம்பலமாகி, அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. முறைப்பாட்டுக் கடிதங்களை ஒரு பெரிய நிறுவனமே ஒளிக்க வேண்டியிருந்தது என்றால், அவற்றின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். நாமோ முறைப்பாட்டை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகின்றோம். பத்துப் பேரின் வண்டியில் ஒரே பிழை வந்தாலும், அவை பத்துக் கராஜ்களில் பத்துத் தனிக் கதைகளாக முடிந்து போகின்றன.

இறுதியாக, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டிக்குக் கடிதம் வரும். ஊரில் நீங்கள் அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த வண்டிக்கு அது வராது. இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது செசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்திலேயே அது இருக்கின்றது. யப்பானில் ஓடிய வண்டியாயின், அதைத் தயாரித்த நிறுவனத்தின் யப்பானியத் தளத்தில் அந்த இலக்கத்தைப் பதிந்து பாருங்கள். யப்பானிய மொழி தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம், மொழிபெயர்க்கும் வசதி உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே உண்டு. 'செய்யப்படவில்லை' என்று வந்தால், திருத்தும் வரை அந்த வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னர் கடிதம் எழுதுங்கள். பதில் வரும் வரை எழுதுங்கள்.

அக்கா இப்போது மீண்டும் முன் ஆசனத்தில்தான் போய் வருகின்றார். சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாவித்த வண்டி வாங்கப் போவதாக அத்தானிடம் சொன்னாராம். அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல் செசி நம்பரைக் கொண்டு வாரும்" என்றாராம்.